பம்பு நின்ன பிறகு

ஜனவரி 9

டேய்,

போன்ல பேசினா நீ நடுவுல பேசுவே, நான் நடுவுல கத்துவேன், கடைசியில ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெச்சுடுவோம். அதனால எழுதறேன். காகிதத்துல நீ குறுக்கே பேச முடியாது பாரு. பால் வண்டிக்காரர் உங்க கம்பெனி கேம்ப்புக்கும் பால் ஊத்தறாராம். கொண்டுபோய் குடுக்கறேன்னார். பிரிச்சுப் படிக்க மாட்டார்னு நம்பறேன்.

இங்க பூமி ஆட்டம் நிக்கவே இல்லை. முதல்ல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்துது. இப்ப காலையில பல்லு விளக்கறப்ப ஒண்ணு, மத்தியானம் சாப்பிடறப்ப ஒண்ணு. எண்ணறதையே விட்டுட்டேன். அப்பாவுக்குத்தான் பொழுது போகுது. ஆயுசு பூரா பஸ் ஓட்டினவர் இல்லையா, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கியர் சொல்றார். "ஃபர்ஸ்ட்தான், பயப்படாதே." "இது செகண்ட்." போன திங்கட்கிழமை கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு "தேர்டு"ன்னார். அன்னைக்குத்தான் அவர் ரூம் சுவர் விட்டுப்போச்சு. விரிசல்ல என் விரல் நுழையுது. முந்தாநேத்து அவரைச் சித்தி வீட்டுல கொண்டுபோய் விட்டேன். ராத்திரி நானும் அங்கதான் படுக்கறேன். பகல்ல வீட்டுக்கு வந்து பார்லரைத் திறக்கறேன்.

பார்லர் கதை கேளு. நேத்து ஒரு கல்யாணப் பொண்ணு வந்தா. புருவம் திருத்திட்டிருக்கேன், நூல் பல்லுல இருக்கு, அப்பப் பார்த்துக் கீழேயிருந்து ஒரு குலுக்கு. இடது புருவம் பாதி போச்சு. பொண்ணு அழறா, அவங்கம்மா என்னைத் திட்டறாங்க, பென்சில்ல வரைஞ்சு அனுப்பி வெச்சேன். கல்யாண போட்டோ பூரா அந்தப் பொண்ணு எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரியே நிக்கப்போறா. சிரிக்காதே.

பம்பை நிறுத்தச் சொல்ற மனுவுல கையெழுத்து போட்டேன், ஆமாம். உனக்கு எதிரா இல்லைடா. பம்புக்கு எதிரா. அதுக்கு நீ "அந்தக் கையால இனிமே எனக்குச் சோறு போடாதே"ன்னே. நான் "அப்ப இந்த வாசப்படியை மிதிக்காதே"ன்னேன். நீ சொன்னதை நீ வாபஸ் வாங்கற வரைக்கும் நான் சொன்னது சொன்னதுதான்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கம்பெனி சொல்றதைச் சொல்லாம உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. இது உங்க பம்பாலதானா?

அக்கா

ஜனவரி 12

அக்கா,

பால்காரர் பிரிச்சுப் படிக்கலை. ஆனா புருவம் கதை அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு.

முதல்ல நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரிஞ்சுக்கோ. கையெழுத்து போட்டவங்கள்ல பாதிப் பேருக்கு அதே தெரியாது. பூமிக்கடியிலிருந்து எண்ணெய் எடுக்கறப்ப கூடவே தண்ணி வரும். தண்ணின்னா குடிக்கிற தண்ணி இல்லை. கடல் தண்ணியே தேவலைங்கற மாதிரி ஒரு உப்பு. ஆத்துல விட்டா மீன் செத்துடும், நிலத்துல விட்டா புல்லு முளைக்காது. அதனால எங்கேயிருந்து வந்துதோ அதைவிடக் கீழே, பாறைக்குள்ள திருப்பித் தள்ளிடறோம். தள்ளறது என் பம்பு. அது ஓடறப்ப எண்ணெய் பார்த்து, அழுத்தம் பார்த்து, சூடு பார்த்து நிக்கறது நான். அவ்வளவுதான். குண்டு ஒண்ணும் வைக்கலை.

பூமின்னா ஆடத்தான் செய்யும். நாங்க வர்றதுக்கு முன்னாடியும் ஆடிச்சு. அப்பாவையே கேளு, நாம சின்னப் பசங்களா இருக்கறப்ப அலமாரியில இருந்து டம்ளர் எல்லாம் விழுந்துது இல்லையா? இப்ப உங்க ஊர்ல பால் திரிஞ்சாலும் எங்க பம்பு, பரிட்சையில ஃபெயிலானாலும் எங்க பம்பு. போன வாரம் எங்க வேன் மேல கல்லு விட்டிருக்காங்க. ஊருக்குள்ள போகக் கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டர். அதனால நீ தனியா வேற சொல்ல வேண்டியதில்லை, வாசப்படியை மிதிக்க எனக்கு வழியே இல்லை.

உனக்கு நல்ல செய்தி ஒண்ணு. உங்க மனுவைப் பார்த்து அதிகாரிங்க பம்பை ஒரு மாசம் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அப்ப ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா? பழையபடி. பம்பு நின்னதும் ஆட்டமும் நின்னுச்சுன்னா நான் வேலையை விட்டுடறேன். நிக்கலைன்னா நீ கையெழுத்தை வாபஸ் வாங்கணும், அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். சித்தி வீட்டுல அவருக்குத் தூக்கமே இல்லையாம், பால்காரர் சொன்னார்.

தம்பி

ஜனவரி 13

சரி. பந்தயம்.

நம்ம வீட்டு ரூல் ஞாபகம் இருக்கு இல்ல? தோத்தா மறுபேச்சு கிடையாது. ஜெயிச்சவனும் பாவம் பார்த்துக் கலைக்கக் கூடாது. உன்கிட்ட தோத்துட்டு பச்சைப் பாகற்காயை முழுசா மென்னு தின்னவ நான். "வேண்டாம்க்கா, துப்பிடு"ன்னு நீ அழுதே. துப்பினேனா?

எதிர் வீட்டு டீச்சர் சாட்சி. உனக்கு மூணாம் வாய்ப்பாட்டை மூணு வருஷம் சொல்லிக் குடுத்தவங்க. அவங்களும் மனுவுல கையெழுத்து போட்டுட்டு, இப்ப அவங்க பொண்ணு வீட்டுல போய்த் தங்கியிருக்காங்க. "அவனுக்கு வேற வேலை தேடச் சொல்லு"ன்னாங்க.

அக்கா

ஜனவரி 27

அக்கா,

பம்பை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு. நிறுத்தினப்ப எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டுச் சுத்தி நின்னோம். சத்தம் அடங்கினதும் சமையல்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்து "என்ன ஆச்சு, என்ன ஆச்சு"ன்னார். வருஷக்கணக்கா அந்த இரைச்சல்லயே இருந்துட்டோம். இப்ப யாராவது சாதாரணமா பேசினாக்கூட கத்தற மாதிரி இருக்கு.

வேலை இல்லாததால சமையல்காரருக்கு லீவு குடுத்துட்டாங்க. நானே சமைக்கறேன். சகிக்கலை.

ஆட்டம் நின்னுச்சா? இங்க நேத்துக்கூட ஒண்ணு வந்துது. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

தம்பி

பிப்ரவரி 19

தோத்துட்டேன்.

நிக்கலை. குறையக்கூட இல்லை. போன வாரம் இன்னும் பலமா ரெண்டு வந்துது. ஊர்ல இப்ப பாதிப் பேர் "நாமதான் அநியாயமா பம்பைக் குத்தம் சொல்லிட்டோம்"ங்கறாங்க. கம்பெனி ஆளுங்க வீடு வீடா வந்து காலண்டர் குடுத்துட்டுப் போனாங்க. அழகான காலண்டர்தான், மாட்டத்தான் சுவர் சரியில்லை.

கையெழுத்தை வாபஸ் வாங்கிட்டேன். பேச்சுன்னா பேச்சு. நான் மட்டும் தனியா போனா அசிங்கமா இருக்கும்னு டீச்சரையும் கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்கு மனசே இல்லை. "கண்ணால பார்த்தோமே டீச்சர், பம்பு நின்னும் ஆடுதே"ன்னு நான்தான் பேசிப் பேசி ஒத்துக்க வெச்சேன். என் பேச்சைக் கேட்டு அவங்களும் பொண்ணு வீட்டுல இருந்து கிளம்பி வந்துட்டாங்க. அப்பாவும் வந்தாச்சு. கட்டிலை விரிசல் இல்லாத பக்கம் நகர்த்திப் போட்டிருக்கேன்.

சந்தோஷமா?

அக்கா

பிப்ரவரி 20

சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்லணும்! இத்தனை மாசமா ஊரே என்னைக் கொலைகாரன் மாதிரி பார்த்துது. என் சொந்த அக்காவும் பார்த்தா. இப்பவாவது நிம்மதியா தூங்குவேன்.

உன் கையால சோறு சாப்பிட மாட்டேன்னு சொன்னதை வாபஸ் வாங்கறேன். எப்ப வரட்டும்?

தம்பி

மார்ச் 2

அக்கா,

இதை நின்னுக்கிட்டே படிக்காதே. உக்காரு.

இன்னைக்கு மத்தியானம் பருப்பு வேக வெச்சேன். மூணு விசில் வந்துது, அடுப்பை அணைச்சேன். அணைச்சுட்டுத் திரும்பி வெங்காயத்தை எடுக்கறேன், பின்னாடி புஸ்ஸுன்னு இன்னொரு விசில். முன்னாடி வந்த மூணைவிடப் பலமா. தூக்கிவாரிப் போட்டுது. "அடுப்பை அணைச்சாச்சு, இன்னும் என்ன உனக்கு"ன்னு குக்கரைத் திட்டினேன். திட்டி முடிக்கறதுக்குள்ள பம்பு ஞாபகம் வந்துடுச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

அக்கா, தண்ணியைக் கீழே தள்ளற எங்க கிணத்து மேல ஒரு அழுத்த மீட்டர் இருக்கு. பம்பு நின்ன அன்னைக்கே முள்ளு சைபருக்கு வந்திருக்கணும்னு நீ நினைப்பே. வரலை. இன்னைக்கு வரைக்கும் வரலை. மெதுவா, ரொம்ப மெதுவா இறங்குது. இத்தனை நாளா தினமும் நான்தான் அதைப் பார்க்கறேன். பார்த்து, "சரி, இறங்குது"ன்னுட்டுப் போயிடுவேன். எங்கே இறங்குதுன்னு யோசிக்கவே இல்லை. அங்க அழுத்தம் குறையுதுன்னா முன்னாடி தள்ளின தண்ணி இன்னும் உள்ளே போய்க்கிட்டுத்தானே இருக்கு! பாறை இடுக்கு பூரா, நாங்க தள்ளாமயே, தானா. தண்ணி போற இடத்துல பாறை வழுக்கும், அதான் ஆட்டம். வருஷக்கணக்கா தள்ளினது ஒரு மாசத்துல அடங்குமா?

ஆட்டத்தை அளக்கற கருவி வைக்க ஒரு நில ஆராய்ச்சி அம்மா இங்க வந்து தங்கியிருக்காங்க. சாயங்காலம் அவங்ககிட்ட போய்க் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "நிறுத்தின உடனே நிக்கணும்னு யார் சொன்னது?"ன்னாங்க. சில இடத்துல நிறுத்தின பிறகுதான் பெருசா வந்திருக்காம். இங்க அப்படி வரும்னு சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாதாம். "பின்னே ஒரு மாசம் நிறுத்திப் பார்க்கறது என்ன சோதனை?"ன்னு கேட்டேன். "அதை நான் எழுதிக் குடுத்தேன். யாரும் படிக்கலை"ன்னாங்க.

யார் சொன்னதுன்னா, நான்தான் சொன்னேன். உன்கிட்ட. பந்தயம் கட்டி.

நான் ஜெயிக்கலை. அந்தப் பந்தயமே தப்பு. அப்பாவைக் கூட்டிட்டு இன்னைக்கே சித்தி வீட்டுக்குப் போயிடு. டீச்சர்கிட்டயும் சொல்லு. போன் பண்ணேன், நீ எடுக்கலை.

தம்பி

மார்ச் 4

போன் எடுக்கலைதான். எடுத்திருந்தா காது கிழிஞ்சிருக்கும், உனக்கு.

என்னடா நினைச்சுக்கிட்டிருக்கே? அப்பா என்ன சூட்கேஸா? இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே, இப்ப திரும்ப அங்கே. சொன்னேன் அவர்கிட்ட. "டிரைவர் கடைசியாத்தான் இறங்கணும், நீ முதல்ல இறங்கு"ன்னு சொல்லிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டார். டீச்சர்கிட்டயும் சொன்னேன். "உங்க ரெண்டு பேர் பந்தயத்துக்கு நான் என்ன பந்தா? என்னால போக முடியாது, போ"ன்னு கதவைச் சாத்திட்டாங்க. டீச்சரைக் கூட்டிட்டுப் போய் வாபஸ் வாங்க வெச்சவ நான். அதே வாயால இன்னைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாத்திப் பேசறது?

உனக்கு என் மேல பாவமா இருக்கு, அதான் ஜெயிச்ச பந்தயத்தைக் கலைக்கறே. எனக்குத் தெரியாதா உன்னை? பாகற்காய்க்கு அழுதவன்தானே நீ.

நேத்து வாசல்ல வந்து நின்னே. பார்த்தேன். ஆர்டரை மீறித்தான் வந்திருப்பே. ஒரு அம்மாவுக்குத் தலையில சாயம் பூசிட்டிருந்தேன், ரெண்டு கையும் கறுப்பு. அதான் வரலைன்னு எழுதலாம்னு பார்த்தேன். அது பொய். கை சுத்தமா இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன். நீயும் படியேறலை, கேட்டுக்கு வெளியிலயே நின்னுட்டுப் போயிட்டே. ரெண்டு பேருக்கும் ஒரே திமிர்.

நாளன்னைக்கு ஸ்கூல் ஹால்ல கூட்டம். பம்பைத் திரும்ப ஓட்டறதுக்கு அனுமதி குடுக்கப்போறாங்களாம். உனக்கு நல்லதுதானே.

அக்கா

மார்ச் 7

அக்கா,

கூட்டத்துல நீ கடைசி வரிசையில நின்னே. நான் எழுந்ததைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே.

குக்கர்னு ஆரம்பிச்சதும் ஹாலே சிரிச்சுது. எனக்குப் பேசி வழக்கமில்லை. மீட்டர்ல ஆரம்பிச்சிருக்கணும், பருப்புல ஆரம்பிச்சுட்டேன். ஆனா முடிக்கறப்ப யாரும் சிரிக்கலை, கவனிச்சியா? அந்த ஆராய்ச்சி அம்மா எழுந்து "அவர் சொல்றது சரி"ன்னாங்க. மேனேஜர் மட்டும் என்னைப் பார்த்துப் புன்னகை பண்ணிக்கிட்டே இருந்தார். ராத்திரி வர்றதுக்குள்ள கடுதாசி வந்துடுச்சு, வேலைக்கு வர வேண்டாம்னு. கேம்ப் ரூமைக் காலி பண்ணிட்டேன். ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாட்ஜ்ல இருக்கேன். பால்காரர் இங்கேயும் பால் ஊத்தறார், அந்த மனுஷன் ஊத்தாத இடமே இல்லை போல.

பாவம் பார்த்துத்தான் கலைக்கறேன்னு நீ சொன்னே. சரி, கலைக்கலை. புதுசா ஒரு பந்தயம் கட்டறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள இதுவரைக்கும் வந்ததையெல்லாம்விடப் பெருசா ஒண்ணு வரும்னு நான் சொல்றேன். வரலைன்னா நான் தோத்தேன். உன் பார்லர்ல ஒரு வருஷம் முடி கூட்டிப் பெருக்கறேன், சம்பளமில்லாம. வர்ற கஸ்டமர்கிட்டயெல்லாம் "இவன் என் தம்பி, பந்தயத்துல தோத்தவன்"னு சொல்லிக்கோ. வாயைத் திறக்க மாட்டேன்.

ஒரே நிபந்தனை. மாசம் முடியற வரைக்கும் வீட்டுக்குள்ள யாரும் இருக்கக் கூடாது. பகல்லயும்தான். பார்லரும் மூடணும்.

நான் தோக்கணும்னு நீ வேண்டிக்கோ அக்கா. நானும் வேண்டிக்கறேன்.

தம்பி

மார்ச் 8

ஒரு வருஷமா? ரெண்டு வருஷம். சம்மதம்னா சம்மதம்.

ஹால்ல தலையைக் குனிஞ்சது வெட்கத்துல இல்லை. எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, எனக்கு அழுகை வந்துடுச்சு. என் தம்பியைப் பார்த்து நான் மட்டும்தான் சிரிக்கலாம்.

அப்பா பந்தயம்னு சொன்னதுமே எழுந்து உக்காந்துட்டார். "அவன் தோப்பான், நான் உன் கட்சி"ன்னு சொல்லி, என்னை முதல்ல இறங்க விட்டுட்டு, அப்புறம் இறங்கினார். சித்தி வீட்டுல விட்டாச்சு. பார்லர் நாற்காலியை ஸ்கூல் மைதானத்துல ஒரு மரத்தடியில போட்டிருக்கேன். பெரிய கண்ணாடியைக் கழட்ட வரலை, அது அங்கேயே இருக்கு. இப்ப கஸ்டமர்ங்க கண்ணாடி இல்லாம முடி வெட்டிக்கறாங்க. குறை சொல்ல வழியே இல்லை, நல்லாத்தான் இருக்கு இந்த ஏற்பாடு.

டீச்சர் வர மாட்டேன்னுட்டாங்க. மூணு தடவை போய்ப் பார்த்தேன்.

அக்கா

மார்ச் 16

அக்கா, எங்கே இருக்கே? போன் யாருக்குமே போகலை. லாட்ஜ்ல எல்லாரும் தெருவுக்கு ஓடினோம். ஆத்துக்கு இந்தப் பக்கமே இப்படின்னா அங்க என்ன ஆச்சோ! பாலத்துல போலீஸ் நிக்குது, யாரையும் விடலை. ஆம்புலன்ஸ் மட்டும்தான் போகுது. டிரைவர் கையில இதைத் திணிச்சிருக்கேன். ஸ்கூல் மைதானம், மரத்தடி, நாற்காலின்னு சொல்லியிருக்கேன்.

ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி

மார்ச் 18

டேய்,

நான் நல்லா இருக்கேன். அப்பா நல்லா இருக்கார். சித்தியும் நல்லா இருக்காங்க, அவங்க வீட்டு ஓடு மட்டும் கொஞ்சம் சரிஞ்சிருக்கு. இதை முதல்ல எழுதிட்டேன், இனிமே மெதுவா படி.

முந்தாநேத்து காலையில, கடை திறக்கற நேரம். ஒரு பெரியவருக்கு முடி வெட்டிட்டிருந்தேன். முதல்ல சத்தம்தான் வந்துது, கீழேயிருந்து. அப்புறம் நாற்காலியோட அவர் தனியா போறார், நான் தனியா போறேன். மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அடங்கினதும் ஓடினேன். நம்ம தெருவுல தூசியில ஒண்ணுமே தெரியலை. நம்ம வீடு உக்காந்துடுச்சுடா. அப்பா கட்டில் இருந்த இடத்துல மேல்தளம் படுத்திருக்கு. விரிசல் இல்லாத பக்கம்னு நான் நகர்த்திப் போட்டேனே, அதே இடம். பார்லர் பூரா கண்ணாடித் தூள்.

சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். என்ன கியர்னு கேட்டேன். உன்னைப் பத்தி மட்டும் கேட்டார், "அவன் சாப்பிட்டானா"ன்னு.

டீச்சர் வீட்டு முன் சுவர் அவங்க மேல விழுந்துடுச்சு. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். உயிர் இருக்கு. இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கு. நடப்பாங்க, ஆனா நாளாகும்னு டாக்டர் சொல்றார். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய் அவங்க தலையில இருந்த தூசியெல்லாம் கழுவி, வாரி, பின்னி விட்டேன். கண்ணை மூடிக்கிட்டே கேட்டாங்க: "நான் பொண்ணு வீட்டுல நல்லாத்தானே இருந்தேன்? என்னை ஏன்டி திரும்பி வரச் சொன்னே?" பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். இன்னைக்கும் போவேன், தினமும் போவேன். நீயும் வரணும். அவங்களைத் திரும்பி வர வெச்சது என் நாக்கு. என் நாக்கை அப்படிப் பேச வெச்சது உன் பந்தயம். நாம ரெண்டு பேரும்தான் போய் அவங்க முன்னாடி நிக்கணும்.

பம்பை இன்னும் ஓட்ட ஆரம்பிக்கலை, அதைத் தள்ளி வெச்சிருக்காங்களாம். நிரந்தரமாவா, இல்லை ஜனங்க மறக்கற வரைக்குமான்னு யாரும் சொல்லலை. புது மனு ஒண்ணு ஓடுது. முதல் கையெழுத்து என்னோடது. உனக்கு அடுத்த வரியில இடம் விட்டு வெச்சிருக்கேன்.

பந்தயத்துல நீதான் ஜெயிச்சே. ஜெயிச்சவன் கூட்டிப் பெருக்க வேண்டியதில்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா மரத்தடியில காத்தடிச்சா வெட்டின முடியெல்லாம் பறந்து அடுத்த கஸ்டமர் வாயில போகுது. எனக்கு ஒரு ஆள் வேணும். வர்றப்ப ஒரு துடைப்பம் வாங்கிட்டு வா, பழசு உள்ளே மாட்டிக்கிச்சு.

நாளைக்குப் பாலத்தைத் திறக்கறாங்களாம். நேரா நம்ம வீட்டுக்கு வா, அங்கதான் நிப்பேன். வாசப்படியை மிதிக்காதேன்னு சொல்லியிருந்தேன் இல்ல? இப்ப அது மட்டும்தான்டா மிச்சம். தாராளமா மிதி.

அக்கா